இன்னும் ஒரே ஒரு தொட்டி

மீன் வளர்ப்பவரிடம் எத்தனை தொட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் சரியான எண் உடனே வராது. கூடத்தில் இருப்பதைச் சொல்வார். கார் நிறுத்தும் இடத்தில் இருக்கும் இரண்டையும் "அது சும்மா குஞ்சுகளுக்கு" என்று கணக்கிலிருந்து தள்ளிவிடுவார். பின்கட்டில் சண்டை மீன்கள் இருக்கும் போத்தல்கள் பேச்சிலேயே வராது. ஆனால் அடுத்து வாங்கப்போகும் தொட்டியின் நீள, அகல, உயரம் மட்டும் விரல்நுனியில் இருக்கும்.

இந்த ஆசை உலகெங்கும் உண்டு. பேராவில் அதற்கு வசதி அதிகம். மலேசியாவின் அலங்கார மீன் வளர்ப்பில் ஜொகூரோடு சேர்ந்து முன்னணியில் நிற்கும் மாநிலம் இது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஈயம் தோண்டிய கிந்தா பள்ளத்தாக்கில், 1985இல் ஈய விலை சரிந்து சுரங்கங்கள் மூடப்பட்டபோது மிஞ்சியவை நீர் நிறைந்த பள்ளங்கள். அந்த ஈயக்குட்டைகளில் பல பின்னர் மீன் பண்ணைகளாயின. வடக்கே, நெல் பாசனத்திற்காக 1906இல் உருவாக்கப்பட்ட புக்கிட் மேரா ஏரிப்பகுதி, செல்வந்தர்கள் தேடி வாங்கும் அரோவானா மீனின் தாயகங்களில் ஒன்று.

ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு மீன் வளர்ப்பு கடையில் தொடங்கியதும் அல்ல. தோட்டத்து ஓடையிலும் வடிகாலிலும் கையால் அள்ளிய கப்பியும் சண்டை மீனும் பழைய போத்தலில் வீட்டுக்கு வந்தன. தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாற, மக்கள் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். போத்தல் கண்ணாடித் தொட்டியானது. ஒன்று நான்கானது.

இதை வெறும் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. நுண்ணுயிர்கள், மீனின் இனப்பெருக்கம், நம் மூளை ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அடுத்த தொட்டியை நோக்கித் தள்ளுகின்றன. நிறுத்துவதற்கு உதவும் கணக்கு ஒன்றே ஒன்று உண்டு. அது வாளிக் கணக்கு.

முதல் தொட்டி கடினம், இரண்டாவது எளிது

தோட்டத்தில் பால் வெட்டியவர்களுக்கு அம்மோனியாவின் நெடி தெரியும். மரத்திலிருந்து எடுத்த பால் ஆலைக்குப் போகும் முன் உறைந்துவிடாமல் இருக்க அதில் அம்மோனியா கலப்பார்கள். ரப்பர் ஆலைகளின் கழிவுநீர் ஆறுகளைக் கெடுத்ததால்தான், 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1978இல் அவற்றுக்கெனத் தனி விதிகள் வந்தன. அந்தக் கழிவின் முக்கியக் கூறுகளில் ஒன்று இதே அம்மோனியா.

மீனும் அம்மோனியாவைத்தான் வெளியேற்றுகிறது. தீனியில் உள்ள புரதத்தை உடைத்ததும் மிஞ்சும் நைட்ரஜனை நம் உடல் யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்புகிறது. நன்னீர் மீனுக்கு அந்த வேலை மிச்சம். பெரும்பகுதி அம்மோனியா செவுள் வழியாக நேராகத் தண்ணீரில் கலந்துவிடும். ஆற்றில் இது பொருட்டல்ல. நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் இதுவே விஷம்.

இதைச் சமாளிப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். வடிகட்டியின் பஞ்சிலும் மணலிலும் ஒட்டி வாழும் ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டை மீன்கள் ஓரளவு தாங்கும். மண்ணில் இந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாக்களை ரஷ்ய அறிவியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் பிரித்தெடுத்தார். மீன் தொட்டியில் யார் வேலை செய்கிறார்கள் என்பது தெளிவாக இன்னொரு நூற்றாண்டு ஆனது. நைட்ரைட்டை மாற்றுவது பாடநூல் சொன்ன நைட்ரோபாக்டர் அல்ல, நைட்ரோஸ்பைரா என்று 1998இல் தெரிந்தது. நன்னீர்த் தொட்டிகள் பெரும்பாலானவற்றில் அம்மோனியாவை மாற்றுவதில் பாக்டீரியாக்களைவிட ஆர்க்கியா என்ற வேறொரு நுண்ணுயிர் வகையே மிகுதி என்று கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வு 2011இல் காட்டியது. இரண்டு கட்ட வேலையையும் தனியாகவே முடிக்கும் நைட்ரோஸ்பைரா இனங்கள் உண்டு என்பது 2015இல் வெளிவந்தது. அவற்றில் சில கிடைத்த இடம் ஒரு மீன் வளர்ப்பு அமைப்பின் வடிகட்டி.

இவை மெதுவாகப் பெருகுபவை. நல்ல சூழலில் ஈ.கோலி பாக்டீரியா 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். இவற்றுக்கு அரை நாளோ அதற்கு மேலோ பிடிக்கும். அதனால்தான் புதிய தொட்டி நிலைக்கு வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகிறது. அந்தப் பொறுமை இல்லாமல் முதல் நாளே பத்து மீன் விட்டவரின் தொட்டியில் இரண்டாம் வாரத்திலேயே மீன்கள் செத்து மிதக்கும்.

முதல் தொட்டி பிழைத்துவிட்டால் நிலைமை தலைகீழ். அதிலிருந்து ஒரு பழைய பஞ்சை எடுத்துப் புதிய தொட்டியின் வடிகட்டியில் வைத்தால் நுண்ணுயிர்களும் கூடவே குடியேறிவிடும். ஆறு வாரக் காத்திருப்பு சில நாட்களாகச் சுருங்கும். முதல் தொட்டிக்கு இருந்த இயற்கையான தடை இரண்டாவதற்கு இல்லை. ஐந்தாவதற்கு அறவே இல்லை. பெருக்கத்தின் முதல் காரணம் இதுதான்.

மீன்களே கேட்கும் தொட்டிகள்

இரண்டாவது காரணம் கப்பி. தென் அமெரிக்காவின் வடகரையையும் டிரினிடாட் தீவையும் சேர்ந்த இம்மீன், கொசுப் புழுக்களைத் தின்னும் என்ற நம்பிக்கையில் ஆசியாவின் வடிகால்களுக்குக் கொண்டுவரப்பட்டது. இது முட்டையிடாது, குஞ்சு போடும். ஏறத்தாழ நான்கு வாரத்திற்கு ஒருமுறை போடும். ஒருமுறை இணைந்த பெண் மீன் ஆணின் விந்தணுக்களை உடலில் பல மாதங்கள் சேமித்து வைத்து, ஆணே அருகில் இல்லாமலும் குஞ்சு போட்டுக்கொண்டிருக்கும். சினையுற்ற ஒரே ஒரு பெண் கப்பி ஒரு புதிய கூட்டத்தையே நிறுவ முடியும் என்பதை டிரினிடாடில் நடந்த சோதனைகள் 2011இல் உறுதிப்படுத்தின. இரவுச் சந்தையில் நான்கு பெண் கப்பி வாங்குபவர், தெரியாமலே இரண்டாவது தொட்டிக்கும் முன்பணம் கட்டிவிட்டு வருகிறார். தாயே குஞ்சுகளைத் தின்னும் என்பதால் அவற்றுக்குத் தனித் தொட்டி. வளர்ந்த குஞ்சுகளில் வால் அழகானவற்றைப் பிரித்து வளர்க்க இன்னொன்று.

சண்டை மீன் வேறு வகையில் இடம் கேட்கிறது. இரண்டு ஆண்களை ஒன்றாக விட்டால் ஒன்று மற்றொன்றின் துடுப்பைக் கிழித்துவிடும். ஐந்து ஆண்கள் என்றால் ஐந்து இடம். அவற்றைச் சிறு போத்தலில் வைக்க முடிவதற்குக் காரணம், தலைக்குள் மடிப்பு மடிப்பாக இருக்கும் ஓர் உறுப்பால் அவை மேலே வந்து காற்றையே சுவாசிக்கக்கூடியவை என்பது. நம் பனையேறிக் கெண்டையும் இந்த இனத்தின் உறவுதான். தரங்கம்பாடியில் டேனியக் கம்பெனியின் அதிகாரியாக இருந்த டால்டோர்ஃப், அம்மீன் பனைமரத்தில் ஏறக் கண்டதாக எழுதிய குறிப்பு 1797இல் அச்சானது. ஆனால் காற்றைச் சுவாசிப்பது மூச்சுத் திணறலிலிருந்து மட்டுமே காக்கும். போத்தலில் சேரும் அம்மோனியாவிலிருந்து காக்காது.

அரோவானா இவை இரண்டுக்கும் எதிர்முனை. கண்ணாடித் தொட்டியில் பெரும்பாலும் இனப்பெருக்கமே செய்யாது. பண்ணைக் குளம் வேண்டும். ஆண் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் ஏறக்குறைய இரண்டு மாதம் வாயில் வைத்துக் காக்கும். ஆசிய அரோவானா 1975 முதல் அழிவாபத்து உயிரின வணிக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருப்பதால், பண்ணையில் பிறந்த மீனே உடலில் மின்னணுச் சில்லும் கையில் சான்றிதழுமாக விற்பனைக்கு வருகிறது. இது எண்ணிக்கையில் பெருகாது, நீளத்தில் வளரும். விரல் நீளக் குஞ்சு அரை மீட்டரைத் தாண்டும்போது மூன்றடித் தொட்டி போய் ஆறடித் தொட்டி வரும். பழைய மூன்றடி காலியாக நிற்கும். காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எந்த மீன் பிரியராலும் முடியாது.

மூளையின் பங்கு

மீனைப் பார்ப்பது மனத்தை அமைதிப்படுத்தும் என்பது வெறும் நம்பிக்கை அல்ல. இங்கிலாந்தின் பிளிமத் நகரிலுள்ள தேசியக் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் ஒரு பெரிய தொட்டியைக் காலி செய்து, பிறகு படிப்படியாக மீன்களை விட்டபோது, முன்னால் நின்றவர்களின் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் மனநிலையையும் ஆய்வாளர்கள் அளந்தார்கள். 2015இல் வெளியான முடிவு சுவையானது. மீன்கள் கூடக் கூட மக்கள் அதிக நேரம் நின்றார்கள், மனநிலையும் மேம்பட்டது. ஆனால் மீனே இல்லாத வெறும் தண்ணீரும் பாறையும் இருந்தபோதுகூட இதயத் துடிப்பு குறைந்தது. அமைதியில் நல்ல பங்கு முதல் தொட்டியிலேயே கிடைத்துவிடுகிறது.

அப்படியானால் ஏன் நிறுத்துவதில்லை? சுவிட்சர்லாந்தின் ஃபிரிபோர்க் பல்கலைக்கழகத்தில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் 1990களில் குரங்குகளிடம் செய்த சோதனைகள் இதற்கு ஒரு தடயம் தருகின்றன. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது மூளையின் டோபமின் செல்கள் துடித்தன. சாறு வரப்போகிறது என்பதற்கு ஒளி அடையாளம் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, ஒளியைக் கண்டபோது துடித்தன. சாறு வந்தபோது அமைதியாகவே இருந்தன. பழகிப்போன பரிசைவிட, அது வரப்போகிறது என்ற குறிப்பே இந்தச் செல்களைத் தூண்டுகிறது.

மீன் வளர்ப்பில் இந்தக் குறிப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. புதிய தொட்டிக்கு இடம் அளப்பது, கல் தேடுவது, செடி தேர்ந்தெடுப்பது, எந்த மீன் எதனோடு ஒத்துப்போகும் என்று கணக்குப் போடுவது எல்லாமே எதிர்பார்ப்பு. தொட்டி தயாராகி மீன் நீந்தத் தொடங்கிய சில வாரங்களில் அது வழக்கமாகிவிடும். மீண்டும் அந்த எதிர்பார்ப்பு வேண்டுமென்றால் இன்னொரு தொட்டியைத் திட்டமிட வேண்டும். நாம் சேர்ப்பது மீனை என்று நினைக்கிறோம். பெரும்பாலும் சேர்ப்பது தொடக்கங்களை.

வாளிக் கணக்கு

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் ஏறத்தாழ 56 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதிலுள்ள மீன்களுக்கு நாளொன்றுக்கு 1 கிராம் தீனி போடுவதாக வைத்துக்கொள்வோம். சாதாரணப் புரத அளவுள்ள தீனி என்றால் அதிலிருந்து சுமார் 30 மில்லிகிராம் நைட்ரஜன் அம்மோனியாவாக வெளிவரும். வாரத்திற்கு 210 மில்லிகிராம். நுண்ணுயிர்கள் அதை முழுதும் நைட்ரேட்டாக மாற்றினால் ஏறத்தாழ 930 மில்லிகிராம் நைட்ரேட். அதாவது ஒவ்வொரு வாரமும் லிட்டருக்கு 16 அல்லது 17 மில்லிகிராம் கூடும்.

வாரம் 14 லிட்டர் வாளியால் இரண்டு வாளி மாற்றினால் பாதித் தண்ணீர் புதிதாகும். சில வாரங்களில் நைட்ரேட் லிட்டருக்கு 33 மில்லிகிராம் அருகே வந்து நிலைத்துவிடும். நைட்ரேட்டை 40, 50 மில்லிகிராமுக்குள் வைக்க வேண்டும் என்பது மீன் வளர்ப்போரின் பொதுவான வழிகாட்டல். ஆகவே ஒரு தொட்டி, இரண்டு வாளி என்றால் பிழைப்பு நன்றாக ஓடும்.

இப்போது அதே அளவில் இன்னொரு தொட்டி. ஞாயிற்றுக்கிழமைக் காலையும் முதுகும் அதே பழையவை, வாளியும் இரண்டே. தொட்டிக்கு ஒரு வாளி. இரண்டிலும் நைட்ரேட் 66 மில்லிகிராமில் போய் நிற்கும். நான்கு தொட்டியானால் தொட்டிக்கு அரை வாளி. நைட்ரேட் 133 மில்லிகிராம். எந்தத் தொட்டியிலும் மீன் கூடவில்லை, தீனியும் கூடவில்லை. ஆனாலும் நான்கும் கெட்டுவிட்டன. கெட்டது ஒரே நாளில் நடக்காததால் கண்ணில் படவில்லை. மீனின் நிறம் மங்கும், பாசி தடிக்கும், குஞ்சு தேறாது. கடைசியில் தீனி சரியில்லை என்று வேறு தீனி வாங்குவோம்.

பெரிய தொட்டி வாங்கினால் தப்பிக்கலாமா? நான்கடி நீளமும் இரண்டடி அகல உயரமும் உள்ள தொட்டியில் எட்டுச் சின்னத் தொட்டித் தண்ணீர், 453 லிட்டர், பிடிக்கும். அதில் அதே 1 கிராம் தீனியும் அதே இரண்டு வாளியும் என்றால் நைட்ரேட் நிலைக்கும் இடம் மீண்டும் அதே 33தான். அங்கே போய்ச் சேர அதிக மாதங்கள் ஆகும், அவ்வளவே. வாரம் உண்டாகும் நைட்ரேட்டை, வாரம் வெளியே ஊற்றும் லிட்டரால் வகுத்தால் வருவதே இறுதி அளவு. தொட்டியின் பருமன் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. செடிகள் நைட்ரேட்டின் ஒரு பங்கை உறிஞ்சும் என்பது உண்மை. வளர்ந்த செடியை வெட்டி வெளியே எடுத்தால்தான் அந்த நைட்ரஜனும் வெளியேறும். அழுக விட்டால் திரும்பித் தண்ணீருக்கே வரும்.

பெரிய தொட்டியின் நன்மை வேறு இடத்தில் இருக்கிறது. மின்சாரம் தடைபட்டு வடிகட்டி நின்றால், சின்னத் தொட்டியில் அம்மோனியா ஒரு நாளில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் ஏறும். பெரியதில் 0.07 மில்லிகிராம்தான் ஏறும். பெரிய தொட்டி நமக்கு அவகாசம் தரும். வேலையைக் குறைக்காது.

ஈப்போக்காரர்கள் கவனிக்க வேண்டியது

ஊரைச் சுற்றி நிற்பவை சுண்ணாம்புக் குன்றுகள். அழகான கல்லாக இருக்கிறதே என்று எடுத்துத் தொட்டியில் வைத்தால் அது மெல்லக் கரைந்து நீரின் கடினத்தன்மையையும் பி.எச். அளவையும் உயர்த்தும். அம்மோனியாவின் நச்சுத்தன்மை இந்த பி.எச். அளவைப் பொறுத்தது. மின்னேற்றம் பெற்ற அம்மோனியம் அவ்வளவாகத் தீங்கு செய்யாது. மின்னேற்றமில்லாத அம்மோனியாவே செவுளைக் கடந்து உள்ளே புகும். நம் ஊர் வெப்பமான 28 டிகிரி செல்சியஸில், பி.எச். 7 உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் 0.7 விழுக்காடுதான் இந்த ஆபத்தான வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் 6.6 விழுக்காடு. ஒரு கல், ஒன்பது மடங்கு நஞ்சு. கல்லின் மேல் சில சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல். அரோவானாவும் சண்டை மீனும் மென்னீரில் வாழ்ந்து பழகியவை. அவற்றின் தொட்டிக்கு அந்தக் கல் ஆகாது.

மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு எடை ஒரு பிரச்சினை. குடியிருப்பு மாடித் தளங்களைச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ சுமைக்கென வடிவமைப்பது வழக்கம். 453 லிட்டர் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 453 கிலோ. அது நிற்கும் பரப்பு முக்கால் சதுர மீட்டர்கூட இல்லை. கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் அதை மாடிக்கு ஏற்றாதீர்கள்.

காலித் தொட்டி இன்னொரு பிரச்சினை. வெளியே கிடக்கும் தொட்டியில் மழைநீர் தேங்கினால் ஏழு முதல் பத்து நாளில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை எட்டிவிடும். காய்ந்த சுவரில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் காத்திருந்து அடுத்த மழையில் பொரிக்கும். 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி வீட்டு வளாகத்தில் கொசுப் புழு இருந்தால் அபராதம் விழும். மீன் பிரியர் என்ற சலுகை அதில் இல்லை.

குட்டையில் விடாதீர்கள்

தொட்டிகள் கட்டுக்கு மீறும்போது பலர் செய்வது, மிஞ்சிய மீனை அருகிலுள்ள ஆற்றிலோ ஈயக்குட்டையிலோ விட்டுவிடுவது. கொல்லாமல் விடுவதால் புண்ணியம் என்றுகூட நினைப்பார்கள். தொட்டிப் பாசியைத் தின்னும் என்று விரல் நீளத்தில் விற்கப்படும், "இகான் பண்டாராயா" என்று இங்கே அறியப்படும் தென் அமெரிக்கக் கெளுத்தி, 40 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். அதன் முட்கவசத்தை உள்ளூர் மீன்களால் கடிக்க முடியாது. முட்டையிட ஆற்றங்கரையைக் குடைந்து வளை தோண்டும், கரை சரியும். இன்று மலேசிய ஆறுகளிலிருந்து அதைப் பிடித்து அகற்றத் தன்னார்வக் குழுக்கள் வலையோடு இறங்குகின்றன. அமேசான் பகுதியின் மயில் கெண்டை பேராவின் ஈயக்குட்டைகளில் நிலைகொண்டு சிறு மீன்களை வேட்டையாடுகிறது. தூண்டிற்காரர்களுக்கு அது கொண்டாட்டம். உள்ளூர் மீன்களுக்கு அல்ல. இதே பகுதியின் வடிகால்களிலும் வயல்களிலும் சண்டை மீனின் சொந்த இனம் ஒன்று இயல்பாக வாழ்கிறது. கடையில் வாங்கிய வண்ணச் சண்டை மீனை அங்கே விட்டால் இரண்டும் கலந்து, காட்டு இனத்தின் தனித்தன்மை தேய்ந்துபோகும்.

இரண்டாவது தொட்டி வைக்கவே கூடாது என்பதல்ல. ஒன்று நிச்சயம் வேண்டும்: புதிதாக வாங்கிய மீனைத் தனியே வைத்துக் கண்காணிக்க. வெள்ளைப்புள்ளி நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி நம் வெப்பநிலையில் ஒரு வாரத்திற்குள் ஒரு சுற்றை முடித்துவிடும். இரண்டு, மூன்று வாரம் தனியே வைத்திருந்தால் நோய் வெளியே தெரிந்துவிடும். அதற்கு மேல் வரும் ஒவ்வொரு தொட்டிக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, வைக்க இடம் இருக்கிறதா, வாங்கப் பணம் இருக்கிறதா என்பதல்ல. வாரம் இன்னும் இரண்டு வாளி தூக்க முடியுமா என்பது. வெளியூர் போகும் வாரத்திலும், நோன்புப் பெருநாள் விடுமுறையிலும், தீபாவளிக்கு முதல் நாளும் தூக்க முடியுமா என்பது.

முடியும் என்றால் தாராளமாக வாங்குங்கள். முடியாது என்றால் இருக்கும் தொட்டியையே கலைத்து, செடியும் கல்லும் மாற்றிப் புதிதாக அமையுங்கள். மூளை கேட்பது தொடக்கம்தான். அது பழைய கண்ணாடிக்குள்ளும் கிடைக்கும். பெருகிய குஞ்சுகளைக் கடைக்காரரிடமோ பள்ளிக்கூடத்திற்கோ அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கோ கொடுங்கள். ஆற்றிலும் குட்டையிலும் மட்டும் ஒன்றைக்கூட விடாதீர்கள்.